பிரவேசப் பரீட்சைக்கு மனுச் செய்யுமுன்

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுள், தம் மகனோ மகளோ தாயகத்தில் மருத்துவம் பயில வேண்டுமென்று விரும்பியவர்கள், சில ஆண்டுகளுக்கு முன்வரை, நீட் என்னும் அகில இந்தியப் பிரவேசப் பரீட்சையை எழுதுவதற்கென்றே விமானம் ஏறிச் சென்னைக்கோ திருச்சிக்கோ செல்ல வேண்டியவர்களாய் இருந்தனர். கொரோனாத் தொற்றினால் எல்லைகள் அடைபட்டு அந்தப் பிரயாணமும் பெருங்கஷ்டமாகிவிடவே, 2021ஆம் ஆண்டில் குவைத்திலும் துபாயிலும் முதன்முதலாக வெளிநாட்டு மையங்கள் ஏற்பட்டன. மறு ஆண்டில் அவை 14 நகரங்களாகப் பெருகியபோது சிங்கப்பூரும் அவற்றுள் ஒன்றாயிற்று. 2024ஆம் ஆண்டு விண்ணப்பம் தொடங்கிய சமயத்தில் வெளிநாட்டு நகரங்கள் பட்டியலிலிருந்து விடுபட்டிருந்தன. முறையீடுகளுக்குப் பின்னரே மீண்டும் சேர்க்கப்பட்டன. ஆகவே இந்த வசதி ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியதே தவிர, நிலைத்த உரிமையென்று எண்ணி அலட்சியமாய் இருக்கத்தக்கதன்று.

பரீட்சை எங்கும் ஒரே நேரத்தில் நடைபெறுவதால், இந்தியாவில் பகல் 2 மணிக்குத் திறக்கப்படும் வினாத்தாளை இங்குள்ள பிள்ளை மாலை 4.30 மணிக்குத் திறக்கிறது. மையத்தின் வாயிற்கதவு 4 மணிக்கு மூடப்படுகிறது. 2025இல் 180 நிமிடங்களில் 180 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் ஒன்று குறையும். இந்த விவரங்களையெல்லாம் பிள்ளைகள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அறியாதிருப்பது மனுவைப் பற்றிய விவரங்களே. பயிற்சி வகுப்புக்கு இரண்டாண்டு காலம் செலவிடுகிற குடும்பம், விண்ணப்பத்தை ஒரு மாலை வேளையில், பெரும்பாலும் அயலார் ஒருவரின் கையால், பூர்த்தி செய்து முடிக்கிறது. அந்த விண்ணப்பமோ, பிள்ளை எந்த இடங்களுக்குப் போட்டியிடலாம், எந்தக் கட்டணம் செலுத்தவேண்டும் என்பவற்றைப் பரீட்சைக்கு முன்பே பெருமளவு நிர்ணயித்துவிடும் பிரமாணப் பத்திரம். அதைக் குடும்பமே தன் கையால் எழுதவேண்டும் என்று வற்புறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுத்தர வயதுப் பெற்றோர் பலருக்குப் பரீட்சை என்றதும் நினைவுக்கு வருவது, தமிழ்நாட்டில் 1984 முதல் 2006 வரை நடந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு. அது சட்டத்தினால் நீக்கப்பட்டுவிட்டது. பொறியியலுக்கு இப்போது அங்கே மேல்நிலைப் படிப்பில் பெற்ற கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே போதும். மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும், சித்த மருத்துவம், ஆயுர்வேதம் ஆகியவற்றுக்கும் நீட் அவசியம். பழைய ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்லும் உறவினர்களிடம், அவர்கள் அன்பை மதித்தே, சற்று விலகி நிற்க வேண்டியிருக்கிறது.

முதலாவதாக ஆராயத்தக்கது பிரஜா உரிமை. இங்குள்ள குடும்பம் ஒன்றிலேயே தந்தை இந்தியக் கடவுச்சீட்டுடன் நிரந்தரவாசியாகவும், தாய் சிங்கப்பூர்ப் பிரஜையாகவும், பிள்ளை சிங்கப்பூர்க் கடவுச்சீட்டோடு ஓசிஐ என்னும் அயல்நாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை உடையதாகவும் இருப்பது சர்வ சாதாரணம். இந்தியக் குடிமக்கள், வெளிநாடுவாழ் இந்தியர், ஓசிஐ அட்டைதாரர், வெளிநாட்டவர் ஆகிய யாவரும் நீட் எழுதலாம் என்பது உண்மையே. ஆனால் எழுதலாம் என்பதும் இடம் பெறலாம் என்பதும் ஒன்றல்ல. 2021 மார்ச் 4ஆம் தேதி இந்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஓசிஐ அட்டைதாரர்கள் இந்தியக் குடிமக்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு உரியவரல்லர்; வெளிநாடுவாழ் இந்தியர் இடங்களுக்கும் கூடுதலாக ஏற்படுத்தப்படும் இடங்களுக்கும் மட்டுமே உரியவர். அதற்கு முன்போ, நீட் பரீட்சையில் அவர்கள் இந்திய மாணவரோடு சமமாக நின்று பொது இடங்களைப் பெற்றுவந்தனர். இந்த மாற்றத்தை எதிர்த்து மாணவர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2023 பிப்ரவரி 3ஆம் தேதி வழங்கப்பட்ட தீர்ப்பு, புதிய கட்டுப்பாடு அறிவிக்கை வெளியான பின்னர் ஓசிஐ அட்டை பெற்றவர்களுக்கே பொருந்தும் என்றும், அதற்கு முன்பே அட்டை பெற்றவர்களின் பழைய தகுதி நிலைக்கும் என்றும் வகுத்தது.

இதன் விளைவு மிகப் பெரியது. ஒரே வகுப்பில், ஒரே மதிப்பெண் பெற்ற இரு பிள்ளைகளில், 2020இல் அட்டை பெற்றவனுக்குப் பொது இடத்தின் கதவு திறந்திருக்க, 2022இல் பெற்றவளுக்கு அது மூடியிருக்கும். பின்னவள் வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டில் பன்மடங்கு கட்டணம் கட்ட நேரிடும். ஆகையால் விண்ணப்பத்தில் நாட்டுரிமை என்ற கட்டத்துக்கு வருமுன் ஓசிஐ அட்டையை எடுத்து, அது முதலில் வழங்கப்பட்ட தேதியைப் பாருங்கள். கடவுச்சீட்டு மாறியதனால் அட்டையைப் புதுப்பித்திருந்தால், பழைய அட்டையின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். 2021 மார்ச் 4க்கு முந்திய உரிமையை நிரூபிக்கும் சாட்சி அதுவே.

அடுத்து வருவது பெயர். இங்குப் பிறந்த தமிழரின் பிறப்புச் சான்றிலும் அடையாள அட்டையிலும் தந்தை பெயருக்கு முன் 'எஸ்/ஓ' அல்லது 'டி/ஓ' என்னும் குறி நிற்கிறது. அதே பிள்ளையின் ஓசிஐ அட்டையில் தந்தை பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கலாம்; பள்ளிச் சான்றிதழில் வேறொரு வரிசையில் இருக்கலாம். மூன்று தஸ்தாவேஜுகளிலும் மூன்று விதமாய்ப் பெயர் நிற்கும்போது, கலந்தாய்வு வேளையில் கல்லூரி அதிகாரி அவற்றை ஒருவருடையவை என்று ஏற்றே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை. கடைசி வாரத்தில் பிரமாண வாக்குமூலத்துக்கு ஓடுவதைவிட, ஓராண்டு முன்பே இந்த வேற்றுமையைச் சரிசெய்துகொள்வது எளிது.

பாடத் தேர்வில் நேரும் பிழை இவற்றினும் கொடியது. ஏனெனில் அது பதினாறு வயதிலேயே நேர்ந்துவிடுகிறது. இந்தியாவில் மருத்துவம் பயில இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகிய யாவும் மேல்நிலையில் படித்திருக்க வேண்டும். சிங்கப்பூர்த் தொடக்கக் கல்லூரியில் அறிவியல் பயிலும் மாணவரோ, வேதியியலோடும் கணிதத்தோடும் இயற்பியல், உயிரியல் இரண்டில் ஒன்றையே வழக்கமாக எடுக்கிறார். இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அது தடையன்று. இந்திய மருத்துவக் கல்லூரிக்கு அது பெருந்தடை. உயிரியலைப் பள்ளிப் படிப்புக்குப் பின் கூடுதல் பாடமாகப் படித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் இடமளித்தது ஓர் ஆறுதல். எனினும் 'ஏ' நிலைச் சான்றிதழுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடம் சமநிலைச் சான்று பெறவேண்டும் என்பதை மறக்கலாகாது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில் இங்குப் படிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதுவரை சொன்னவை இங்கேயே குடும்பத்தோடு வாழ்பவர்களைப் பற்றியவை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்காவையும் டன்லப் வீதியையும் நிறைத்து நிற்கும் தொழிலாளர்களின் நிலை வேறு. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துவர இயலாது. சார்ந்திருப்போர் அட்டைக்கே மாதச் சம்பளம் 6,000 வெள்ளியேனும் வேண்டும். ஆதலால் மகன் பட்டுக்கோட்டையிலோ இளையான்குடியிலோ படிக்கிறான். தந்தை இங்கிருந்து பணம் அனுப்புகிறார். மகனுக்கு விண்ணப்பம் போட ஊரில் ஒரு முகவர் அமர்த்தப்படுகிறார். அவர் தம் கைப்பேசி எண்ணையும் தம் மின்னஞ்சலையுமே பதிவு செய்கிறார். இந்தச் சிறு செய்கையின் அபாயத்தைச் சொல்லி முடியாது. பதிவான எண்ணையும் மின்னஞ்சலையும் திருத்த அவகாசத்திலும் மாற்ற இயலாது. பரீட்சை நுழைவுச் சீட்டும் மதிப்பெண்ணும் பற்றிய செய்திகளும் கடவுச்சொல்லை மாற்றும் சங்கேத எண்ணும் அந்த எண்ணுக்கே போகும். மேற்கொண்டு பணம் கேட்கப்படும்போது தர மறுக்கும் சக்தி குடும்பத்துக்கு இராது. எண் மகனுடையதாகவோ தாயினுடையதாகவோ இருக்கட்டும். வங்கியிலிருந்து வரும் சங்கேத எண்ணை யாருக்கும் தொலைபேசியில் படித்துக் காட்டலாகாது என்று எச்சரிக்கப்படும் அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும்.

தொழிலாளியின் பிள்ளைக்கு உரிய அனுகூலங்களை முகவர்கள் சொல்லாமல் விட்டுவிடுவதும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் மேல்நிலை வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் அவன் போட்டியிடலாம். தந்தை வெளிநாட்டில் சம்பாதிப்பதால் அந்த உரிமை அற்றுப்போகும் என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். அது பிள்ளை படித்த பள்ளியைப் பற்றியது. மேலும், இந்தியாவில் எழுதுபவருக்குப் பொதுப்பிரிவில் கட்டணம் 1,700 ரூபாயாகவும், வெளிநாட்டு மையத்துக்கு 9,500 ரூபாயாகவும் 2025இல் இருந்தது. இதற்கு மேல் எவ்வளவு கேட்கிறார்களோ, அவ்வளவும் முகவரின் கூலி.

முகவர்களின் மற்றொரு வியாபாரம் வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டைச் சுற்றி நடக்கிறது. உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டில் இனாம்தார் வழக்கில், தனியார் கல்லூரிகளில் இத்தகைய இடங்கள் 15 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்றும், உண்மையான வெளிநாடுவாழ் இந்தியருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் அவர் பொறுப்பில் வளர்பவர்களுக்குமே அவை பயன்படவேண்டும் என்றும் விதித்தது. தூரத்து உறவினரையும் இதில் சேர்க்கப் பஞ்சாப் அரசு 2024இல் முயன்றபோது, அதை மோசடி என்றே நீதிமன்றம் கண்டித்து ஒதுக்கியது. ஆகவே, சிங்கப்பூரில் இருக்கும் நீங்கள் ஊரிலுள்ள அறியாத ஒருவரின் பிள்ளைக்குப் பொறுப்பாளராய்க் கையெழுத்திட்டால் போதும், இவ்வளவு வெள்ளி தருகிறோம் என்று எவரேனும் வந்தால், மறுத்துவிடுங்கள். அந்த ஒதுக்கீட்டுக்குப் பொறுப்பாளரின் கடவுச்சீட்டும், தூதரகச் சான்றும், உறவு நிலையும், படிப்புச் செலவு முழுவதையும் ஏற்பதாக உறுதிப் பத்திரமும் கேட்கப்படுகின்றன. அதில் பொய் எழுதிய குற்றம் கையெழுத்திட்டவரையே சேரும். ரசீதில்லாத நன்கொடையைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. வினாத்தாள் முன்னரே கிடைக்கும் என்போரையும், பிள்ளைக்குப் பதில் வேறொருவர் எழுதுவார் என்போரையும் பற்றி அதிகம் கூறவேண்டுவதில்லை. 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் ஆள்மாறாட்டம் வெளிப்பட்டபோது மாணவரும் பெற்றோரும் சிறை செல்ல நேர்ந்தது. 2024 ஜூனில் அமலுக்கு வந்த பொதுத் தேர்வுச் சட்டம், கூட்டாக இத்தகைய சூழ்ச்சி செய்வோருக்கு ஐந்து முதல் பத்தாண்டுச் சிறையும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது.

பொறியியலை விரும்புவோர் ஒன்றை அறிந்துகொள்ளுதல் நலம். தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கான நேரடிச் சேர்க்கைத் திட்டத்தில், வளைகுடா நாடுகளில் பணிபுரியும் இந்தியரின் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. சிங்கப்பூரில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கு அது இல்லை. உழைப்பு ஒன்றாயிருக்கச் சலுகை மட்டும் வேறாவது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

மருத்துவம் படித்துவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பித் தொழில் செய்யும் எண்ணம் இருப்பின், மருத்துவப் பதிவுச் சட்டத்தின் பட்டியலைக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் பார்த்துவிட வேண்டும். உலகம் முழுவதிலுமாக 160 வெளிநாட்டுக் கல்லூரிகள் இருந்த அப்பட்டியல் 2020இல் 103 ஆகச் சுருங்கி, 2023இல் 112 ஆயிற்று. நூற்றுக்கணக்கான இந்திய மருத்துவக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவை அதில் இல்லை.

தவறு நேர்ந்துவிட்டால் பரிகாரங்கள் உள்ளன. ஆனால் அவை யாவும் காலக்கெடுவுக்கு உட்பட்டவை. விண்ணப்பத்தைத் திருத்தச் சில நாட்களே அவகாசம் கிடைக்கும். உத்தேச விடைக்குறிப்பில் பிழை காண்பவர் ஒரு வினாவுக்கு 200 ரூபாய் செலுத்தி ஆட்சேபிக்கலாம். இந்தியக் குடிமகனாய் இருப்பவர், எங்கு வாழ்ந்தாலும், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ், நீட் பரீட்சையை நடத்தும் தேசியத் தேர்வு முகமையிடம் விளக்கம் கேட்கலாம். ஓசிஐ அட்டைதாரருக்கு இவ்வுரிமை இல்லாமையால், இந்தியக் கடவுச்சீட்டுடைய பெற்றோர் பெயரில் மனுவை அனுப்புவது உசிதம்.

முகவர் ஊரில் இருந்து ஏமாற்றியிருந்தால், அங்கே பணம் செலுத்திய தொழிலாளியின் மனைவி தாம் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. இணையத்தில் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கவேண்டும். முகவர் சிங்கப்பூரில் இருந்தால், சந்தேகம் எழுந்த கணமே 1799 என்ற எண்ணில் விசாரிக்கலாம். குற்றமென்று தெரிந்தால் போலீசில் புகார் செய்யலாம். ஒப்பந்தத்தின்படி வேலை செய்யாதிருந்தால் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலும், இருதரப்பும் உடன்பட்டால் 30,000 வெள்ளி வரையிலும் விசாரிக்கிறது. அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்பதால் எளியவரும் தம் வாயாலேயே வழக்கைச் சொல்லலாம். ரசீதும் குறுஞ்செய்திகளும் அதற்குப் போதிய சான்றாகும்; ஆகவே கைப்பேசி மாற்றும்போது அவற்றை அழித்துவிடாதீர்கள். கோரிக்கைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் மனு பதிவாக வேண்டும்.