இழுப்பறைகளில் அடுக்கிய சிரிப்பு

வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. பழைய அரசு அலுவலகங்களில் பார்த்திருப்போமே, அந்த மாதிரி வெளிர்பழுப்புப் பெயின்ட் அடித்தது. மொத்தம் 48 இழுப்பறைகள். அதுவும் நிரம்பிப் போனதால் மூன்று இழுப்பறைகளோடு இன்னொரு பெட்டி. உள்ளே தபால் அட்டையைவிடச் சின்னதாக, தட்டச்சு செய்த அட்டைகள். ஓர் அட்டைக்கு ஒரு ஜோக். தேதி போட்டு, தலைப்புவாரியாக, அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். 50,000-க்கும் மேற்பட்ட அட்டைகள்!

இத்தனையும் ஒரே ஒரு பெண்ணின் மேடைக்காகச் சேர்ந்தவை. அவர் பெயர் ஃபிலிஸ் டில்லர். அமெரிக்காவில் ஸ்டாண்ட்-அப் காமெடி ஆண்களின் கோட்டையாக இருந்த காலத்தில் உள்ளே நுழைந்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டு நின்றவர். 1955 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் ‘பர்ப்பிள் ஆனியன்’ என்ற கீழ்த்தள இரவு விடுதியில் முதன்முதலாக மேடை ஏறியபோது அவருக்கு வயது 37. ஐந்து பிள்ளைகளின் தாய். வானொலி நிலையத்தில் விளம்பர வாசகம் எழுதிக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு வாரத்துக்குப் பேசிய ஒப்பந்தம் 89 வாரம் நீண்டது. கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் வருடம் அதே சின்ன மேடை. எந்த வரிக்குச் சிரிக்கிறார்கள், எந்த வரிக்குக் கிளாஸைப் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்று இரவுக்கு இரவு கவனிக்க அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் அதுதான்.

அவருடைய தோற்றத்திலும் தற்செயலாக அமைந்தது எதுவும் இல்லை. பரட்டைத் தலை, கண்ணைப் பறிக்கும் தொளதொள கவுன், கையில் நீண்ட குழலில் செருகிய சிகரெட். அந்தச் சிகரெட் மரத்தில் செய்தது, டில்லர் புகைபிடிக்காதவர். உடல்வாகு நன்றாக இருந்ததால், “நான் எவ்வளவு அவலட்சணம் தெரியுமா” என்று அவர் பேசினால் எடுபடாது. அதை மறைக்கத்தான் தொளதொள கவுன். மேடையில் அவர் கிழித்துத் தொங்கவிட்ட ‘ஃபேங்’ என்ற சோம்பேறிக் கணவர் முழுக்கக் கற்பனை. முறையாகப் பியானோ கற்றவர் என்பதையும் சொல்ல வேண்டும். 1970-களில் பல சிம்பொனி இசைக்குழுக்களோடு மேடையில் வாசித்திருக்கிறார். சாதகம் என்றால் என்ன என்று தெரிந்த கை அது. ஜோக்குக்கும் அதே சாதகத்தைச் செய்தது.

ஒரு ஜோக்கை அட்டைக்குக் கொண்டுவருவதில் என்ன வேலை இருக்கிறது? நம் ஊர்ச் சரக்கிலேயே பார்க்கலாம். “மூணு நாள் இருந்துட்டுப் போறேன்னு என் மாமியார் ஊர்லேர்ந்து வந்தாங்க, இப்ப என் பையன் காலேஜ் போறான், அவங்க வந்தப்ப அவன் எல்கேஜிதான் படிச்சிட்டிருந்தான், இன்னும் போகல.” விஷயம் இருக்கிறது, சிரிப்பு இல்லை. ‘காலேஜ்’ என்ற சொல் நடுவிலேயே விழுந்துவிட்டது. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் சுமை. இப்போது வெட்டுவோம். “மூணு நாள் இருந்துட்டுப் போறேன்னு மாமியார் வந்தாங்க. அப்ப பையன் எல்கேஜி. இப்ப காலேஜ்.” வெடிக்க வேண்டிய சொல் கடைசியில் நிற்கிறது. அது வாயிலிருந்து விழுந்ததும் பேசுபவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கூட ஒரு சொல் சொன்னாலும் வரப்போன சிரிப்பைத் தானே அமுக்கிவிடுவார். இந்த மூன்று வரிக்குள் இத்தனை என்றால், ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு எத்தனை வரி, எத்தனை வெட்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எழுதி முடித்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். வயலின்காரர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்யலாம். நகைச்சுவைக் கலைஞர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஜோக் ஓடுமா என்று தெரிய, முன்பின் தெரியாதவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடாவிட்டால் அவர்கள் முன்னிலையிலேயே தோற்க வேண்டும். தன் பெயரில் வந்த தொலைக்காட்சித் தொடரால் உலகப் புகழ் பெற்ற ஜெர்ரி சைன்ஃபெல்ட், 1998-இல் அந்தத் தொடர் முடிந்த கையோடு, பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஜோக்குகளைக் கடைசியாக ஒருமுறை மேடையில் சொல்லி, மூட்டை கட்டி வைத்தார். பிறகு வெறுங்கையோடு நியூயார்க்கின் சின்னச் சின்ன கிளப்புகளில் ஏறினார். 2002-இல் வந்த ‘காமெடியன்’ ஆவணப்படத்தில் அதைப் பார்க்கலாம். அவ்வளவு பெரிய நட்சத்திரம் அடுத்த வரி மறந்து, குறிப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறார். முகத்துக்காகக் கைதட்டுகிறார்கள், அந்த மரியாதை சில நிமிடங்கள்தான் தாங்குகிறது. அப்புறம் ஜோக் நன்றாக இருந்தால்தான் சிரிப்பு. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான்.

இதையெல்லாம் உழைப்பு என்று ஒப்புக்கொள்ள வைக்கவே ஒரு போராட்டம் தேவைப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் ‘காமெடி ஸ்டோர்’ 1970-களில் பேர்பெற்ற கிளப். மது பரிமாறுபவருக்குச் சம்பளம் உண்டு. யாரைப் பார்க்கக் கூட்டம் டிக்கெட் வாங்கி வந்ததோ, அந்தக் கலைஞர்களுக்குக் காலணா கிடையாது. ‘இது அவர்கள் தொழில் பழகும் இடம்’ என்பது நிர்வாகத்தின் வாதம். 1979-இல் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, வாசலில் பதாகையோடு நின்றார்கள். பிற்பாடு தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்த ஜே லெனோவும் டேவிட் லெட்டர்மேனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பல வாரங்களுக்குப் பிறகு, ஒருமுறை மேடையேறினால் 25 டாலர் என்று முடிவானது.

தமிழில் இந்தக் கலைக்கு வயது குறைவு. 2019-இல் அலெக்சாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ அமேசான் பிரைமில் வந்த பிறகுதான், அதுவரை மேடைப் பக்கம் போகாத பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. ஓடிடியும் யூடியூபும் பெயர் வாங்கித் தருகின்றன. கூடவே சரக்கையும் தின்றுவிடுகின்றன. கச்சேரியில் பிடித்த பாட்டுக்குச் சீட்டு எழுதி அனுப்பி, திரும்பப் பாடச் சொல்லிக் கேட்போம். போனில் பார்த்துவிட்ட ஜோக்கை அரங்கில் கேட்டாலோ “பழசு” என்கிறோம். ஒரு மணி நேரத்தை வெளியிட்ட கலைஞர் அடுத்த வாரமே ஏதோ ஒரு காபி கடையில், இருபது முப்பது பேர் முன்னால், ஐந்து நிமிடப் புதுச் சரக்கோடு நிற்க வேண்டியிருக்கிறது. பேசியதைப் போனில் பதிவு செய்து, வீட்டுக்குப் போய்த் தன் குரலையே மறுபடி கேட்டு, சிரிப்பு வராத இடங்களைக் குறித்து வெட்டுகிறார்கள்.

நம் ஊர் விழாக் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். மெல்லிசைக் குழுவுக்கு முன்பணம் கொடுத்துத் தேதி வாங்குகிறீர்கள். நகைச்சுவைக் கலைஞரிடம் மட்டும் “சும்மா வந்து ஒரு பத்து நிமிஷம் பேசிட்டுப் போங்களேன்” என்று கேட்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தைச் செய்து எடுக்க அவருக்குப் பல மாதங்கள் ஆகியிருக்கும். அவருக்கும் முன்பணம் கொடுத்தே தேதி வாங்குங்கள்.