இடையில் நின்ற வேலை

படிப்பை முடித்து வேலை தேடப் புறப்படும் இளைஞர்க்கு அறிவுரை கூறுவோர் பலர். கிடைத்த வேலை சில நாளிலேயே பறிபோய்விட்டால் அடுத்த வேலைக்கு எவ்வாறு செல்வது என்பதை எடுத்துரைப்போர் மிகச் சிலர். அது வெளியில் சொல்லத் தகாத செய்தி என்று கருதப்படுவதே காரணம். தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற நான் இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்; ஏனெனில் நானும் ஒருமுறை வேலையிலிருந்து நீக்கப்பட்டவன்.

1982-ஆம் ஆண்டு. பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்கக் காத்திருந்த நான், திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு வழங்கும் பெயர். அறுவடைக் காலமாதலால் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருநாள் ஒரே வண்டியின் மூட்டைகளை இருமுறை வரவு எழுதிவிட்டேன். அன்று மாலையே பிழையை உணர்ந்தும், அஞ்சி வாய் திறவாதிருந்தேன். மூன்றாம் நாள் சரக்கை எண்ணியபோது பிழை வெளிப்பட்டது. சேர்ந்த ஏழாவது வாரத்தில் வேலை போயிற்று.

அடுத்து விழுப்புரத்தில் ஒரு நிறுவனத்திற்கு நேர்காணலுக்குச் சென்றேன். "படிப்பு முடிந்தபின் என்ன செய்தாய்?" என்று கேட்டனர். "வீட்டில் இருந்தேன்" என்றேன். கேட்டவருள் ஒருவர் புன்னகை புரிந்து, "தம்பி, திண்டிவனத்து மண்டியில் உன் கையால் நான் சீட்டு வாங்கியிருக்கிறேனே!" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்றவன் தலைகுனிந்து வெளியேறினேன். செய்த பிழையைக் காட்டிலும் அதை மறைத்தமையே இருமுறையும் என்னைக் கெடுத்தது என்பதை ஊர் திரும்பும் பேருந்தில் உணர்ந்தேன்.

அப்படியானால், நடந்தவை அனைத்தையும் எல்லோரிடமும் சொல்லித் தீர வேண்டுமா? வேண்டியதில்லை. நாமே எழுதும் தன்விவரக் குறிப்பில், வேண்டும் பணிக்குத் தொடர்பில்லாத சில வார வேலையைக் குறிக்காமல் விடலாம். ஆனால், "இதுவரை பார்த்த வேலைகள் யாவற்றையும் குறிப்பிடுக" என்று படிவம் கேட்குமானால், ஒன்றையும் விடுதல் கூடாது. நேரில் கேட்டால் பொய் கூறுதலும் கூடாது. இக்காலத்தில் மறைப்பதும் எளிதன்று. வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்த தொழிலாளி ஒவ்வொருவருக்கும் 2014 முதல் 12 இலக்கங்கொண்ட பொது எண் ஒன்று வழங்கப்படுகிறது. அவர் எந்நிறுவனத்திற்கு மாறினாலும் அவ்வெண் உடன் செல்லும்; சேர்ந்த நாளும் விலகிய நாளும் அதனோடு பதிவாகும்.

வேலை போன வகையையும் அறிந்துகொள்ளுதல் நன்று. மத்திய அரசு ஊழியர்க்கான 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள் இரண்டு தண்டனைகளைப் பிரித்துக் கூறுகின்றன. பணியினின்று அகற்றப்பட்டவர் பின்னர் அரசுப் பணி பெறத் தடையில்லை. கடுந்தண்டனையாகப் பதவி பறிக்கப்பட்டவர்க்கோ பொதுவாகத் தடை உண்டு. தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை நியமன விதிகளின்படி விடுவிப்பது தண்டனையாகவே கருதப்படுவதில்லை. ஆதலால், கையில் தரப்பட்ட ஆணையில் உள்ள சொல் எதுவென்று பார்த்து, அச்சொல்லையே படிவத்தில் எழுதுக. விடுவிக்கப்பட்டவன் தன்னைக் குற்றவாளியாக எண்ணி வருந்த வேண்டியதில்லை.

விழுப்புரம் சந்திப்பில் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கணித மேதை இராமானுஜன் நினைவுக்கு வருவார். எஃப்.ஏ. தேர்வில் தேறாத அவர், 1910-ஆம் ஆண்டளவில் வேலை தேடிக் கும்பகோணத்திலிருந்து வந்து, இங்கேதான் வண்டி மாறித் திருக்கோவலூர் சென்றார். அங்குத் துணை ஆட்சியராக இருந்தவர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயர். இளைஞரின் குறிப்பேடுகளைக் கண்ட அவர், அத்திறனை ஒரு சிறு எழுத்தர் பதவியில் முடக்க மனமின்றி, சென்னை அறிஞர்களுக்குக் கடிதம் தந்து அனுப்பினார். 1912-இன் தொடக்கத்தில் சென்னைக் கணக்காயர் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்கு இராமானுஜனுக்கு வேலை கிடைத்தது. தற்காலிகமான அது சில வாரங்களே நீடித்தது.

அவ்வாண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் அவர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்திற்கு விண்ணப்பம் எழுதினார். எஃப்.ஏ. வரை படித்ததையும், இடையூறுகளால் படிப்பு நின்றதையும் அதில் ஒரே தொடரில் ஒப்புக்கொண்டார். அதன்பின் தம் காலம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டதையும், வேலையைச் செவ்வனே செய்ய முடியும் என்ற உறுதியையும் தெரிவித்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியரின் பரிந்துரையையும் இணைத்தார். மார்ச் 1-ஆம் நாள் 30 ரூபாய் ஊதியத்தில் பணியேற்றார். அவர் நீக்கப்பட்டவர் அல்லர். எனினும் முறிந்த பகுதியை எவ்வாறு சொல்வது என்பதற்கு அவ்விண்ணப்பம் நல்ல பாடம். குறை ஒரு தொடர். அதன்பின் செய்த உழைப்பு அடுத்த தொடர்.

ஆசிரியப் பயிற்சி முடித்து ஒரு பள்ளியின் நேர்காணலுக்குச் சென்றபோது அம்முறையையே பின்பற்றினேன். "மண்டியில் ஏழு வாரம் கணக்கு எழுதினேன். வரவில் ஒரு பிழை செய்து, உடனே சொல்லாமையால் நீக்கப்பட்டேன். அன்று முதல், எதை எழுதினாலும் மாலையில் சரிபார்த்த பின்னரே ஏட்டை மூடுகிறேன்" என்றேன். பழைய முதலாளியைப் பழிக்கவில்லை. என் வறுமையைக் கூறி இரக்கம் தேடவுமில்லை. அவர்கள் அடுத்த கேள்விக்குச் சென்றனர். வேலையும் கிடைத்தது.

பிற்காலத்தில் நேர்காணல் நடத்தும் இடத்தில் நானே அமர்ந்தேன். பிழையே செய்யாதவர் ஒருவரையும் அங்குக் கண்டதில்லை. தம் பிழையை அறிந்தவரையே தேடினேன். உங்களில் எவருக்கேனும் வேலை இடையில் நின்றிருக்குமானால், இன்றிரவே ஒரு தாளை எடுத்து, நடந்தது, அதில் உங்கள் பங்கு, இப்போது செய்வது ஆகிய மூன்றையும் மூன்று தொடர்களில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்துவிட்டால், யார் முன்னிலையிலும் தலை நிமிர்ந்து சொல்லவும் முடியும்.