எலிச் சீவலில் பச்சை ஒளி

உடலுக்குள் நுழையும் கிருமியைப் பிடிக்க நம் ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற புரதங்கள் உருவாகின்றன. ஒவ்வோர் ஆன்டிபாடியும் தனக்கு உரிய பொருளைத் தேடி ஒட்டும். அம்மைக் கிருமியில் ஒட்டுவது சளிக் கிருமியில் ஒட்டாது.

சிலருக்கு நோய் எதிர்ப்பு ஆற்றல் சொந்தக் கல்லீரலையே தாக்கத் தொடங்கிவிடும். அப்போது சொந்தச் செல்களில் ஒட்டும் ஆன்டிபாடிகளும் ரத்தத்தில் தோன்றும். கண்ணுக்கே தெரியாத அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

எலியின் கல்லீரல், சிறுநீரகம், இரைப்பை ஆகியவற்றை மிக மெல்லிய சீவல்களாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். எலி எதற்கு? நம் செல்லின் பல பாகங்கள் எலியின் செல்லிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நீர்க்கச் செய்து அந்தச் சீவல்மேல் விடுவார்கள். நாம் தேடும் ஆன்டிபாடி இருந்தால் அது சீவலில் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. அடுத்து, மனித ஆன்டிபாடியின்மேல் ஒட்டக்கூடிய வேறோர் ஆன்டிபாடியை விடுவார்கள். அதில் ஒளிரும் சாயம் இணைந்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் நீல ஒளியைப் பாய்ச்சினால், ஒட்டிய இடமெல்லாம் பச்சையாக ஒளிரும்! ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தை இணைக்கும் முறையை 1941இல் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஆல்பர்ட் கூன்ஸ்.

எந்த இடம் ஒளிர்கிறது என்பதுதான் முக்கியம். செல்லின் உட்கருவோ இரைப்பையின் தசையோ ஒளிர்ந்தால், தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி என்ற நோயாக இருக்கலாம். அந்த நோயின் இன்னொரு வகை சிறுவர்களிடமே அதிகம் காணப்படும். அதில் கல்லீரல் செல்களும் சிறுநீரகக் குழாய்களும் ஒளிரும். செல்லுக்குள் உள்ள மைட்டோகாண்ட்ரியா என்ற பாகத்தில் ஒளி தெரிந்தால், கல்லீரலின் சிறிய பித்தக் குழாய்கள் தாக்கப்படும் நோயாக இருக்கலாம். அது பெரும்பாலும் பெரியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு வருவது. 1965இல் லண்டனில் டெபோரா டோனியாக், ஷீலா ஷெர்லாக் ஆகியோர் அடங்கிய குழு இந்தத் தொடர்பை வெளியிட்டது.

ஆனால், நலமாக இருக்கும் சிலரின் ரத்தத்திலும் இத்தகைய ஆன்டிபாடிகள் சிறிதளவு இருக்கும். நோய் உள்ள சிலரிடம் தென்படாமலும் போகும். அதனால் டாக்டர் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவு சொல்ல மாட்டார். கல்லீரல் நொதிகளை அளப்பார். தேவைப்பட்டால் ஊசியால் கல்லீரலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார். சீக்கிரம் தெரிந்துவிட்டால், மாத்திரைகளால் இந்தத் தாக்குதலைப் பெரும்பாலும் அடக்கி வைக்கலாம்.

இத்தகைய நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. உங்கள் வகுப்பில் யாராவது இதற்காகத் தினமும் மாத்திரை சாப்பிட்டால், தயங்காமல் பக்கத்தில் உட்காருங்கள், சேர்ந்து விளையாடுங்கள்.