மாந்தோப்பு உடும்பு

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில், பங்காருபாளையம் தாண்டி, அத்தைக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. தோதாபுரிக் காய் இறக்கும் சமயத்தில் ஒருமுறை அங்கே போயிருந்தேன். காவல்காரரின் மகன், பத்து வயதுப் பையன், மோட்டார் கொட்டகையிலிருந்து ஓடி வந்தான். சேர்த்துவைத்த இரண்டு உள்ளங்கைகளுக்குள் ஒரு உடும்புக் குட்டி. ஒரு சாணைவிடக் கொஞ்சம் நீளம். கருஞ்சாம்பல் உடம்பு முழுக்க மஞ்சள் புள்ளி. தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து ஏற முடியாமல் சுற்றிக்கொண்டிருந்ததாம்.

"பாருங்க மாமா, எப்படிப் பழகிடுச்சு! கையிலயே கண்ணை மூடித் தூங்குது. நான் வளக்கட்டுமா?"

குட்டி உண்மையிலேயே கண்ணை மூடியிருந்தது. கால்களை உடம்போடு ஒட்டவைத்து அசையாமல் கிடந்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே தொண்டைப் பை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அது தூங்கவில்லை, பயந்து உறைந்துபோயிருந்தது. உடும்பை வளர்க்க ஆசைப்படும் எவருக்கும் முதலில் தெரிய வேண்டியது இதுதான். நாம் சாது என்று நினைப்பதும் சரி, மூர்க்கம் என்று நினைப்பதும் சரி, பெரும்பாலும் ஒரே பயத்தின் இரண்டு முகங்கள்.

தெலுங்கில் உடுமு, தமிழில் உடும்பு. இந்தியாவில் நான்கு வகை உடும்புகள் உண்டு. சித்தூர், திருப்பதிப் பக்கம் தோப்பிலும் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நாம் பார்ப்பது சாதாரண நில உடும்பு. வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரும், ஏழு கிலோ வரை எடை போடும். குட்டியாக இருக்கும்போது மரத்தில்தான் அதிகம் இருக்கும். வளர வளர மஞ்சள் புள்ளிகள் மங்கி, மண்ணின் நிறமாகித் தரைக்கு இறங்கிவிடும். அப்போதும் மரம் ஏறும், நன்றாக நீந்தும். தண்ணீருக்குள் மூழ்கி கால் மணி நேரத்துக்கும் மேல் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நெருங்கினால் முதலில் ஓடத்தான் பார்க்கும். ஓட வழி இல்லை என்றால் அசையாமல் கிடக்கும். இன்னும் நெருங்கினால் தொண்டையை உப்பவைத்து, உடம்பைத் தட்டையாக்கி, பக்கவாட்டில் திரும்பித் தன்னைப் பெரிதாகக் காட்டும். பிறகு பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி ஒரு நீளமான சீறல். அதற்கும் ஆள் விலகாவிட்டால் வாலைச் சுருட்டிச் சாட்டை போல ஒரு வீச்சு. கடி கடைசியில்தான். பல்லியைப் போல வாலை உதறிவிட்டுத் தப்பும் வித்தை உடும்புக்குக் கிடையாது. அறுந்த வால் திரும்ப முளைக்காது. ஆயுதமும் தாங்குகோலும் அந்த வால்தான் என்பதால் அதைப் பிடித்துத் தூக்கினால் உயிர் போவதுபோல் போராடும். நாயைப் பார்த்துச் சீறிய உடும்பை 'வெறி பிடித்தது' என்று சொல்லி அடித்துக் கொன்றதை நான் பார்த்திருக்கிறேன். தள்ளிப் போ என்று அது நான்கு தடவை சொல்லியிருந்தது. அந்தப் பேச்சைப் படிக்க அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

நாக்கைப் பற்றியும் இப்படியே ஒரு தவறான பயம். பாம்பு நாக்கு போலப் பிளந்திருப்பதால் விஷம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நாக்கு மோப்பம் பிடிக்கும் கருவி. காற்றிலும் மண்ணிலும் இருக்கும் வாசனைத் துகள்களை ஒட்டி எடுத்து உள்ளே இழுத்ததும், மேலண்ணத்தில் இருக்கும் தனி உறுப்பு அவற்றைச் சோதிக்கிறது. பிளவு ஏன்? இடது நுனியில் வாசனை கூடுதலா, வலது நுனியில் கூடுதலா என்று ஒப்பிட்டுத் திசை கண்டுபிடிக்கத்தான். நமக்கு இரண்டு காது இருப்பதால் சத்தம் வந்த பக்கம் தெரிகிறதல்லவா, அதே கணக்கு. தோப்பில் உடும்பு நடப்பதைத் தூரத்திலிருந்து பத்து நிமிடம் பாருங்கள். நாலு அடி நடக்கும், நாக்கை நீட்டும், தலையைத் திருப்பும், சட்டென்று ஓரிடத்தில் நகத்தால் மண்ணைக் கிளறும். சாணக் குவியலுக்கு அடியில் புரளும் வண்டுப்புழு வாய்க்குள் போயிருக்கும். நாக்கு ஓயாமல் வெளியே வந்து போனால், அந்த உடும்பு நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கிறது என்று அர்த்தம். பையனின் கையில் இருந்த குட்டி ஒருமுறைகூட நாக்கை நீட்டவில்லை.

தொண்டைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எனக்கு உடும்பின் உடம்பிலேயே அதிக வியப்பு தருவது இதுதான். ஓணான் ஓடுவதைக் கவனித்தால் தெரியும்: விருட்டென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். உடம்பை வளைத்து ஓடுவதற்கும் மூச்சு இழுப்பதற்கும் விலாப்புறத்தில் அதே தசைகள்தான் வேலை செய்தாக வேண்டும். ஓடினால் மூச்சு சரியாக வராது. உடும்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தொண்டையை உப்பவைத்துக் காற்றை நிரப்பி, துருத்தி போல அமுக்கி நுரையீரலுக்குள் தள்ளிவிடும். ஆப்பிரிக்க உடும்பு ஒன்றை ஓடும் பட்டையில் நடக்கவைத்து 1999-இல் இதை ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். அதே வகை உடும்பின் நுரையீரலுக்குள் காற்று பறவைகளில் போல ஒரே திசையில் சுற்றி வருகிறது என்பது 2013-இல் வெளியானது. இதயத்தில் கீழறை ஒன்றுதான் என்றாலும், துடிக்கும்போது உள்ளிருக்கும் தசை வரம்பு அதை ஏறக்குறைய இரண்டாகப் பிரித்துவிடுகிறது. அதனால்தான் ஊர்வன இனத்தில் பிறந்தும் உடும்பால் பகல் முழுக்க நடந்து இரை தேட முடிகிறது. இப்படி நடந்து திரியவே ஆன உடம்பைத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு வளர்க்க ஆசைப்படுகிறார்கள்.

'உடும்புப் பிடி' என்று சொல்கிறோமே, அதற்கும் காரணம் உடம்பிலேயே இருக்கிறது. துரத்தினால் பாறை இடுக்கிலோ கரையான் புற்றிலோ மரப்பொந்திலோ நுழைந்துகொள்ளும். உள்ளே போனதும் வளைந்த நகங்களைப் பதித்து, நுரையீரலில் காற்றை நிரப்பி உடம்பை உப்பவைத்துவிடும். இடுக்கின் சுவரோடு உடம்பு ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். வாலை இழுக்க இழுக்க இன்னும் இறுகும். சிவாஜியின் தளபதி தானாஜி 1670-இல் சிங்ககட் கோட்டையில் உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி ஏறினார் என்று மராத்தியர்கள் சொல்கிறார்கள். நம் ஊரிலும் திருடர்களைப் பற்றி இதே கதை உண்டு. சில கிலோ எடையுள்ள பிராணி நெட்டுக்குத்தான சுவரில் ஒரு ஆளைத் தாங்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. இடுக்குக்குள் அது பிடிக்கும் பிடியை மட்டும் சந்தேகப்பட வேண்டாம்.

அந்தப் பிடியாலும் மனிதனிடமிருந்து தப்ப முடியவில்லை. இறைச்சிக்காகவும், உடம்புக்கு பலம் என்ற நம்பிக்கையில் ரத்தத்துக்காகவும், தோலுக்காகவும் தலைமுறை தலைமுறையாகப் பிடித்தோம். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கஞ்சிராவில் பலாமரச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டியது உடும்புத் தோல்தான். மெல்லியது, நன்றாக இழுபடும், உட்புறம் தண்ணீர் தெளித்தால் சுருதி இறங்கும். இன்று ஆட்டுத்தோல் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. தோல் வியாபாரத்துக்காகப் பாம்பும் உடும்பும் பிடித்துவந்த இருளர் பழங்குடியினர் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பிழைப்பு இல்லாமல் நின்றபோது, ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் துணையோடு 1978-இல் சென்னைக்கு அருகே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இப்போது அவர்கள் பாம்பை உயிரோடு பிடித்து, விஷம் எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். உடும்புக்கு வேறு ரூபத்தில் ஆபத்து தொடர்கிறது. 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில், செல்வம் சேர்க்கும் அபூர்வ வேர் என்று சொல்லி விற்றது வேரே அல்ல, ஆண் உடும்பின் உலர்த்திய பிறப்புறுப்பு என்பது 2017-இல் அம்பலமானது.

பையனின் கேள்விக்குச் சட்டத்தின் பதில் சுருக்கமானது. உடும்பு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். குறைந்தது மூன்று ஆண்டு சிறை, ஏழு ஆண்டு வரை போகலாம், அபராதமும் உண்டு. சட்டத்தைச் சொல்லிப் பையனைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. வளர்த்தால் அந்தக் குட்டிக்கு என்ன ஆகும் என்று சொன்னேன்.

வெளிநாடுகளில் ஆப்பிரிக்க உடும்புகளைச் சட்டப்படியே வீட்டில் வளர்க்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்திலிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம். முதலில் இடம். வளர்ந்த உடும்புக்கு ஒரு அறையே வேண்டும். உட்கார்ந்து சூடேற்றிக்கொள்ளக் கொதிக்கும் வெயில்பாறை போல ஒரு மூலை, ஓய்வெடுக்கக் குளிர்ந்த ஒரு மூலை, இரண்டுக்கும் நடுவே தானே போய்வந்து உடம்பைச் சுமார் 35 டிகிரி செல்சியஸில் வைத்துக்கொள்ளும் வசதி. தோண்டுவதற்கு ஆழமான மண். புற ஊதா ஒளி இல்லாவிட்டால் வைட்டமின் டி உண்டாகாது. கால்சியம் ஏறாமல் தாடையும் கால் எலும்பும் ரப்பராக வளையத் தொடங்கும். தண்ணீரும் ஈரப்பதமும் குறைந்து, கொழுப்பு மிகுந்த இறைச்சியை மட்டும் தின்றால் சிறுநீரகம் கெட்டு மூட்டுகளில் யூரிக் உப்பு தங்கும். நடக்க இடமில்லாமல் கொழுத்துப்போகும். கண்ணாடியைப் புரியாமல் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். பெண் உடும்புக்குத் தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். இருபது வருடம் வாழக்கூடிய பிராணி இரண்டு மூன்று வருடத்தில் செத்துப்போவது பெரும்பாலும் இப்படித்தான். அதன் உடம்பிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கும் என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேறு ஆபத்து.

உடும்பு மனிதரோடு பழகவே பழகாதா? பழகும், நாயைப் போல அல்ல. வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் 1992-இல் முட்டையிலிருந்து வெளிவந்த கிராக்கன் என்ற கொமோடோ உடும்பு, பராமரிப்பாளரின் பையிலிருந்து கைக்குட்டையை மெல்ல உருவும், பழைய ஷூவை இழுத்து விளையாடும். தெரிந்த ஆளையும் தெரியாத ஆளையும் வேறுபடுத்தி அறிந்தது. உடும்பு பழக வேண்டுமென்றால், நெருங்கலாமா வேண்டாமா என்ற முடிவை அதனிடமே விட்டுவிட வேண்டும். கையில் அமுக்கிப் பிடிப்பது பழக்குவது ஆகாது.

அப்படி நாம் தேர்வை விட்டுவைக்கக்கூடிய இடம் சித்தூர், திருப்பதிப் பக்கம் நிறையவே இருக்கிறது. 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமான சேஷாசலம் மலை, செஞ்சந்தனத்துக்குப் பேர்போனது. பாறை வெடிப்பில் ஒளியும் தங்கப் பல்லியும் அதே மலைக்காரர். பலமநேர்ப் பக்கம் யானைகளுக்காக 1990-இல் அறிவித்த கௌண்டின்யா சரணாலயம். இந்தக் காடுகளை ஒட்டிய தோப்புகளில் காலை வெயில் ஏறும் நேரத்தில் காத்திருந்தால் உடும்பு கண்ணில் படும். மழைக்காலத்தில் இரண்டு ஆண்கள் பின்னங்காலில் நிமிர்ந்து, கட்டித் தழுவியபடி ஒன்றையொன்று சாய்க்கப் பார்க்கும் மல்யுத்தம் கிடைத்தால் பாக்கியம். இணை சேர்கின்றன என்று நினைத்துப் பலர் வீடியோ எடுக்கிறார்கள். பெண் குழி தோண்டி, சில சமயம் கரையான் புற்றுக்குள், இருபது முட்டை போல இட்டு மூடும். பக்கத்தில் ஒன்றிரண்டு பொய்க்குழியும் தோண்டிவைக்கும், திருடனை ஏமாற்ற. முட்டை பொரிய ஐந்தரை மாதம் முதல் எட்டரை மாதம் வரை ஆகும். மண்வெட்டியால் ஒரு புற்றைக் கலைத்தால் அத்தனை மாதக் காத்திருப்பும் போய்விடும் என்பது அத்தைக்கே அன்றுதான் தெரிந்தது. தோப்பின் தெற்கு மூலையில் இருக்கும் புற்றை இனி யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்குள் உடும்பு வந்துவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உள்ளறைக் கதவுகளைச் சாத்துங்கள், வெளிவாசலைத் திறந்துவையுங்கள், நாயைக் கட்டுங்கள், எல்லோரும் தள்ளி நில்லுங்கள். வந்த வழியைக் கண்டுபிடித்து அதுவே போய்விடும். போகாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியில் விழாமலிருக்க, உள்ளே சரிவாக ஒரு மரப்பலகை போட்டுவைத்தால் போதும். அன்றே ஒரு பழைய பலகையைப் பையன் தேடிக் கொண்டுவந்து தொட்டிக்குள் சாய்த்துவைத்தான்.

பிறகு குட்டியைத் தொட்டிக்குப் பக்கத்து மாமரத்தின் அடியில் வைத்தோம். பத்தடி தள்ளி உட்கார்ந்தோம். வெகுநேரம் அது கிடந்தது கிடந்தபடியே இருந்தது. "செத்துடுச்சா மாமா?" என்று பையன் கிசுகிசுத்தான். பேசாதே என்று சைகை காட்டினேன். முதலில் ஒரு கண் திறந்தது. தலை ஒரு விரற்கடை உயர்ந்தது. அப்புறம், அன்றைக்கு முதல் முறையாக, கருநீலமான மெல்லிய நாக்கு வெளியே வந்து, பட்டையைத் தொட்டு, உள்ளே போனது. மறுபடி வந்தது. மூன்றாவது தடவை நாக்கு நீண்டபோது குட்டி அடிமரத்தில் நாலடி உயரத்தில் இருந்தது.