பிள்ளை சொல்லிவிடாதா?

செம்பாக்கத்தில் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், டிராக் பேன்ட் போட்ட பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பெற்றோர் விரைவதைப் பார்க்கலாம். கராத்தே, ஸ்கேட்டிங், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று ஏதாவது ஒரு வகுப்பு. மகளை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்திருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "தப்பா ஏதாவது நடந்தா பிள்ளை நம்மகிட்ட சொல்லிடாதா?" நம் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கைதான் இது. டீயை ஆற்றிக்கொண்டே இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பயிற்சிக்கூடத்துக்குள் போவோம். பெண்கள் ஏறி நடக்கும் 'பீம்' 10 சென்டிமீட்டர்தான் அகலம், அரைச் சாண். தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரம். எட்டு வயதுப் பிள்ளை நிமிர்ந்து நின்றால் எவ்வளவோ அவ்வளவு. அதன்மேல் பல்டி அடிக்கப் பழகும்போது பயிற்சியாளர் இடுப்பில், முதுகில், தொடையில் கைகொடுத்துத் தாங்கியே ஆக வேண்டும். இதை 'ஸ்பாட்டிங்' என்பார்கள். சைக்கிள் பழகும்போது அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டே கூட ஓடி வருவாரே, அது மாதிரி. ஆக, பெரியவர் தொடுவது என் நன்மைக்குத்தான் என்பதே பிள்ளை கற்கும் முதல் பாடம். இரண்டாவது பாடம் வலி. உள்ளங்கைத் தோல் உரிந்தாலும் வெள்ளைப் பவுடரைத் தேய்த்துக்கொண்டு மறுபடி கம்பியைப் பிடிக்கிறாள். உடம்பு 'வேண்டாம்' என்று சொல்வதைக் காதில் வாங்காமலிருக்க அவளுக்கு நாள்தோறும் பயிற்சி.

இந்த இரண்டு பாடங்களுக்கு நடுவில்தான் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் புகுந்துகொண்டார். அந்த அணியின் டெக்சாஸ் பயிற்சி முகாமுக்குள் அப்போது பெற்றோருக்கு அனுமதி இருக்கவில்லை. சாப்பாட்டில் கடும் கட்டுப்பாடு. பசித்த பிள்ளைகளுக்கு ரகசியமாக மிட்டாய் கொடுத்தவர் அவர். திட்டுகிற கூட்டத்தில் அன்பாகப் பேசிய ஒரே பெரியவர். தான் செய்த பாலியல் அத்துமீறலையெல்லாம் 'சிகிச்சை' என்றார். சில சமயம் அம்மா அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, தன் உடம்பால் மறைத்துக்கொண்டு செய்திருக்கிறார். அம்மா பேசாமல் இருக்கிறாரே, அப்படியானால் இது சரியாகத்தான் இருக்கும் என்று குழந்தை நினைத்தது.

அமெரிக்கா தூரம் என்று தோன்றினால், 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர்மீது 19 வயது வீராங்கனை, தான் சிறுமியாக இருந்தபோதே தொடங்கியது என்று, பாலியல் புகார் கொடுத்தார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பயிற்சியாளர் கைதானார். பிறகு மேலும் சில வீராங்கனைகளும் புகார் கொடுத்தார்கள். தசைவலிக்குப் பிசியோதெரபி என்ற பெயரில் நடந்தது என்பதே இங்கேயும் குற்றச்சாட்டு.

இன்னொன்றையும் கவனிப்போம். பிள்ளைகள் சொல்லவேயில்லை என்பதும் உண்மையில்லை. நாசரைப் பற்றி 1997-லேயே 16 வயதுப் பெண் ஒருத்தி தன் பயிற்சியாளரிடம் சொன்னாள். நீ தவறாகப் புரிந்துகொண்டிருப்பாய் என்றுதான் பதில் கிடைத்ததாகப் பின்னாளில் கூறினாள். நாசர் கைதானது 2016-ல். இடையில் 19 வருடம். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். அவர்களில் பலர் தங்களுக்கு மட்டும்தான் நடந்தது என்று வருடக்கணக்கில் நினைத்திருந்தவர்கள். நாசருக்கு 40 முதல் 175 ஆண்டுவரை சிறை என்று தீர்ப்பானது.

ஏன் வாய் அடைத்துப்போகிறது? கனவு பிள்ளையுடையது. இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்தைத் தவறவிட்டது 0.15 புள்ளியில். அவ்வளவு நூலிழை ஆட்டம். அணியில் யார், போட்டிக்கு யார் என்று எழுதும் பேனா ஒரே ஆள் கையில் இருக்கிறது. அந்த ஆளைப் பற்றிச் சொன்னால் கனவு போய்விடும் என்பது பத்து வயதுக்கே புரியும். அவளுக்காக அப்பா வாங்கிய கடனும் அவளுக்குத் தெரியும்.

தோழியிடம் நான் சொன்னது இதுதான். நேராக வந்து சொல்வாள் என்று காத்திருக்காதே. "அந்த கிளாஸ் வேண்டாம்மா" என்பதே அவள் சொல்லும் முறையாக இருக்கலாம். "ஃபீஸ் கட்டியாச்சு, போ" என்று மட்டும் சொல்லிவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேள். சொன்னால் நம்பு.

18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தால், போலீசில் தெரிவிக்க வேண்டியது போக்சோ சட்டப்படி நம் கடமை. தெரிந்தும் மறைத்தால் அதுவே குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கட்டணம் கிடையாது.