எந்தப் பில்லுக்கு இந்தப் பணம்?

சில்லறைக் கடைக்காரர் ஒருவர் பேரில் ஆறு பில்கள் பாக்கி நிற்கின்றன: ரூ.4,275, 6,830, 3,915, 8,460, 5,120, 7,345. நம் வங்கிக் கணக்கில் ரூ.16,650 வரவாகிறது. எந்தப் பில்லுக்கு என்று ஒரு வரி இல்லை. மொத்த வியாபாரம் செய்யும் நமக்கெல்லாம் பழகிப்போன புதிர்தான் இது.

மனக்கணக்காகவே பார்க்கலாம். பெரிய பில்கள் இரண்டைக் கூட்டினாலும் 15,805தான். சிறியவை நான்கைக் கூட்டினால் 20,140 ஆகிவிடும். ஆகவே மூன்று பில்கள். ஆறில் மூன்றை 20 விதமாக எடுக்கலாம். அவற்றில் 4,275, 3,915, 8,460 மட்டுமே பொருந்தும்.

பில்கள் இருபது என்றால்? ஒவ்வொரு பில்லையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். எனவே ஒரு பில் கூடினால் வழிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆறுக்கு 63, பத்துக்கு 1,023, இருபதுக்கு 10,48,575. இங்கேதான் கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது. பத்துப் பதினைந்து வரிப் புரோகிராம் போதும். 1 முதல் 10,48,575 வரை எண்ணச் செய்து, ஒவ்வொரு எண்ணையும் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் எழுத வேண்டும். 1 விழுந்த இடத்துப் பில்லைச் சேர்த்து, 0 விழுந்ததை விட்டு, கூட்டுத்தொகை பொருந்தினால் காட்டச் சொல்ல வேண்டும். சில விநாடி வேலை. முப்பது பில்களுக்கோ வழிகள் 107 கோடியைத் தாண்டும்.

ஆனால் விடை ஒன்றுக்கு மேலும் வரலாம். வண்டி வாடகையோ தள்ளுபடியோ கழித்து அனுப்பியிருந்தால் ஒன்றுமே வராது.

இது வெறும் கணக்கு விளையாட்டல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 59 முதல் 61 வரையிலான பிரிவுகளில் இதற்கு முறை வகுத்துள்ளது. பணம் தருபவர் இன்ன கடனுக்கு என்று சொன்னாலோ, சூழ்நிலையே அதைக் காட்டினாலோ, பணத்தை ஏற்பவர் அதற்கே வரவு வைக்க வேண்டும். தொகை கச்சிதமாகப் பொருந்துவதும் அப்படியொரு அடையாளமாகலாம். எந்த அடையாளமும் இல்லையேல் நம் விருப்பப்படி வரவு வைக்கலாம். இருவருமே குறிப்பிடாவிட்டால் பழைய கடனுக்கே முதலில் போகும்.

வாங்கியவருக்கும் இதில் அக்கறை உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் தராவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட நேரிடும்.

ஆகவே, கம்ப்யூட்டர் காட்டும் விடையை அன்றே போனில் சொல்லி, "சரிதானா?" என்று கேட்டுவிடுவோம். அவர் ஒப்பியபின் ரசீதில் பில் எண்களை எழுதி அனுப்புவோம். ஆண்டு முடிவில் இரண்டு பேரேடுகளும் ஒத்துப்போகும்.