ஓ.எல். முடித்த மகளை எங்கே சேர்ப்பது?

ரம்புக்கனையில் ஓ.எல். பெறுபேறு வந்ததும் வாப்பாமாருக்குக் கண்டியும் கொழும்பும்தான் தெரியுது. ரயில் இருக்கே! என் மகளுக்கும் உயிரியல் ஆசை. ஹொஸ்டலா, தினமும் ரயிலா என்று உம்மாவுக்கு யோசனை. எனக்கோ மாவட்டக் கணக்குத்தான்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. இரத்தினபுரி அந்தப் பதினாறில் உண்டு, நம்ம கேகாலை இல்லை. மருத்துவத்துக்குக் கொழும்பின் வெட்டுப்புள்ளி வழமையாகக் கேகாலையை விட உயரம். பிள்ளையின் மாவட்டத்தைத் தீர்மானிப்பது ஏ.எல்.லுக்கு முந்திய மூன்று வருடம் படித்த பாடசாலை. ஆகவே விடுகைப் பத்திரம் எடுக்குமுன் மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பாருங்கள். தமிழ்மொழி விஞ்ஞானப் பிரிவைத் தேடுவோர் முதலில் மாவனல்லையில் விசாரிக்கலாம். அதுவும் கேகாலை மாவட்டம்தான்.